முதல் மாதத்திலேயே நூலகத்துக்குப் போங்கள், தங்கச்சி

கோலாலம்பூருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, நாலு வயதிலும் ஒன்றரை வயதிலும் இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் காலையில் போனால் இரவுதான் திரும்புகிறார், நூலகத்துக்குக் கூட்டிப்போனால் உள்ளே விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே மளிகை, வாடகை, பள்ளிக்கூடம் என்று இன்னும் நாலைந்து கேள்வி. மளிகைக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் போங்கள், எல்லாம் கிடைக்கும். மற்றதுக்கெல்லாம் யோசனை சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நான் நூலகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என்னை இந்த ஊரில் நிலைக்க வைத்தது அதுதான்.

நான் 2011இல் மதுரையிலிருந்து வந்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. செந்தூலில் பதினோராவது மாடியில் வீடு. ஒரு மாதம் சன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒருநாள் தைரியம் வந்து, பஸ் பிடித்து, தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நூலகத்தின் வாசலில் போய் நின்றால், காவலாளி என் காலைக் காட்டித் தலையை ஆட்டினார். ஹவாய் செருப்பு. உள்ளே போகக்கூடாது. எனக்கு ஒரு வார்த்தை மலாய் தெரியாது. எதற்காகத் திருப்பி அனுப்புகிறார் என்பதே புரியாமல், வெயிலில் பஸ்ஸுக்கு நின்று அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

அதனால்தான் சொல்கிறேன். இங்கே அரசுக் கட்டடம் எதுவானாலும் உடை விதி உண்டு. குட்டைக் கால்சட்டை, கையில்லாத சட்டை, வீட்டுச் செருப்பு எல்லாம் வேண்டாம். சுடிதாரும் மூடிய செருப்பும் போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் 12:15இலிருந்து 2:45 வரை அரசு அலுவலகங்களில் தொழுகை இடைவேளை, அந்த நேரத்தில் கவுன்டரை நம்பிப் போகாதீர்கள். ஏசி குளிர் எலும்புக்குள் போகும், சின்னதுக்கு ஸ்வெட்டர் கட்டாயம். மாலை நாலு மணிக்கு மேல் இடிமழை பிடித்தால் பிள்ளைகளோடு வாசலிலேயே மாட்டிக்கொள்வீர்கள், அதனால் காலையிலேயே போய்விட்டு வாருங்கள்.

உறுப்பினர் அட்டைக்கு இணையப் படிவத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். எனக்கு அது இந்நாட்டவர்களின் அடையாள அட்டையான மைகார்டின் எண் கேட்டு அங்கேயே நின்றுவிட்டது. வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்களுக்கு விதி நூலகத்துக்கு நூலகம் மாறும். கடப்பிதழ், பாஸின் நகல், முகவரி போட்ட கரண்ட் பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். கவுன்டரில் இருக்கும் அம்மாவை 'காக்காக்' என்று கூப்பிடுங்கள். நம் அக்காதான் அது, காதுக்கும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அப்படிக் கூப்பிட்டாலே முகம் மலர்ந்துவிடும். அட்டை கிடைக்காவிட்டாலும் மனம் விடாதீர்கள், நாங்கள் முதல் வருடம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வந்தோம்.

எங்கே போவது? டத்தாரான் மெர்டேக்கா என்ற சுதந்திரச் சதுக்கத்தில் மாநகர மன்றத்தின் கோலாலம்பூர் நூலகம் இருக்கிறது, மஸ்ஜித் ஜாமேக் ஸ்டேஷனில் இறங்கலாம். ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம். அதன் கூரை மலாய்க்காரர்களின் தெங்கோலோக் தலைப்பாகை போல இருக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திதிவங்சா ஸ்டேஷன் வரைபடத்தில் பக்கமாகத் தெரியும். தள்ளுவண்டியோடு அந்தச் சாலையில் நடக்க நினைக்காதீர்கள், கைபேசிச் செயலியில் கிராப் டாக்சி பிடித்துவிடுங்கள். எங்கள் காலத்தில் அந்த வசதி இல்லை. மைடெக்சி என்று அது தொடங்கியதே 2012இல்தான்.

தமிழ்ப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் வெளியாகும் புத்தகம் எந்த மொழியில் இருந்தாலும் தேசிய நூலகத்துக்குப் பிரதி கொடுக்க வேண்டும் என்று 1986இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை புரட்டும் தடித்த அட்டைத் தமிழ்ப் புத்தகத்தை அலமாரியில் தேடினால் கைக்குக் கிடைப்பது அபூர்வம். அதை ஊரிலிருந்து வரும்போது நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அங்கே மலாய்ப் புத்தகத்தை எடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நம்மவர்களில் பலர், "இன்னும் ரெண்டு வருஷத்தில் கிளம்பிவிடுவோம், மலாய் எதற்கு?" என்பார்கள். பத்து வருடமாக அதையே சொல்லிக்கொண்டு, கொண்டோ என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைத் தாண்டாமல், இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று குறைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

நான் மலாய் படித்ததே குழந்தைகள் பகுதியின் ரப்பர் பாயில் மகளோடு உட்கார்ந்துதான். சாங் கன்ச்சில் என்று ஒரு குட்டி சருகுமான். ஆற்றைக் கடக்க வேண்டும், ஆறு நிறைய முதலை. ராஜா விருந்து வைக்கிறார், உங்களை எண்ணிவரச் சொன்னார் என்று முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, சாத்து, டுவா, தீகா என்று ஒவ்வொன்றின் முதுகிலும் குதித்து அக்கரை போய்விடும். குரங்கும் முதலையும் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா? மகள் என் முழங்காலை முதலையாக்கிக் குதித்தே எண்ணப் பழகினாள். கவுன்டரில் 'டெண்டா' என்று எழுதியிருந்ததைப் பார்த்து நான் தண்டம் என்று புரிந்துகொண்டேன். நூலகத்துக்கு மலாயில் பெர்புஸ்தாக்காஆன் என்ற நீளமான பெயர், அதற்குள் நம் புஸ்தகம் இருந்தது. அந்நிய ஊர் என்ற பயம் அன்றைக்குப் பாதி போயிற்று.

இந்த ஊர்த் தமிழரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "அவங்க தமிழ் ஒரு மாதிரி" என்று முகம் சுளிக்கிற நம் ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்துக்கு ஒரு பெரியவர் தினமும் வருவார். எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். என்னைக் கண்டதும் "பசியாறிட்டிங்களாம்மா?" என்பார். இந்த ஊரில் அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் அவர்தான். தமிழ் நேசன் படிப்பார். 1924இல் தொடங்கிய பத்திரிகை, 2019இல் நின்றுபோனது. தலைப்பு எழுத்துகள் பெரிதாக இருக்கும் என்று என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டுவார். வீட்டில் நான் எவ்வளவு கெஞ்சியும் எழுத்துப் பழகாதவள், ஒருநாள் அவர் விரலைத் தள்ளிவிட்டு ம, ழை, மழை என்று தானே படித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ படிம்மா" என்றார்.