கூழ்ம வெள்ளியை ஊசியில் ஏற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்குக் காலில் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. தெரிந்தவர் ஒருவர் கூழ்ம வெள்ளி பாட்டில் கொண்டுவந்தார். வடிகட்டி, சலைனில் கலந்து நரம்பில் ஏற்றினால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சலைனில் கலந்தும் வேண்டாம், கலக்காமலும் வேண்டாம்.

கூழ்ம வெள்ளி என்பது நீரில் மிதக்கும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள். மேலே இருக்கும் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால்தான் அவை படியாமல் இருக்கின்றன. சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உண்டு. உப்பு சேர்ந்ததும் அந்தத் தள்ளுவிசை குறைந்து துகள்கள் திரளத் தொடங்கும். மின்சாரம் பாய்ச்சித் தயாரிக்கும் பாட்டில்களிலோ பெரும்பாலும் துகளைவிடக் கரைந்த வெள்ளி அயனியே அதிகம். அது உப்பிலுள்ள குளோரைடோடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகிறது. இது நீரில் கரையாத வெண்பொடி. பள்ளி ஆய்வகத்தில் உப்புநீரில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டதும் கலங்குமே, அதே வினைதான். அந்தக் கலங்கலையா ரத்தத்துக்குள் அனுப்புவது?

சரி, சலைனை விட்டுவிட்டு அப்படியே ஏற்றினால்? அதுவும் ஆபத்து. பாட்டிலில் இருப்பது உப்பில்லாத காய்ச்சி வடித்த நீர். அது ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களுக்குள் நீர் புகுந்து அவை வெடிக்கும், சிறுநீரகம் பாதிக்கப்படும். ரத்தத்திலும் குளோரைடு நிறையவே இருக்கிறது. அதற்குத் தப்பும் வெள்ளியைப் புரதங்கள் பிடித்துக்கொள்ளும். சோதனைக் குழாயில் கிருமியைக் கொன்றது என்பதை வைத்து ரத்தத்திலும் கொல்லும் என்று சொல்லிவிட முடியாது.

வடிகட்டும் கதைக்கு மயங்காதீர்கள். 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும். செத்த பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சு அதன் வழியாகப் போய்விடும். கொதிக்க வைத்தாலும் அழியாது. கடும் காய்ச்சலையும், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் அதிர்ச்சி நிலையையும் கொண்டுவருவது அதுதான். இடைத்தரகர்கள் 'ஆய்வகச் சான்று' என்று நீட்டும் காகிதத்தை வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் வெள்ளி எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, என்பது மட்டும்தான் இருக்கும். கிருமியின்மை, நச்சுச் சோதனை பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இன்னொரு பொறி, 'தினசரிப் பாதுகாப்பு அளவுக்குள்தான் தருகிறோம்' என்பது. அந்த அளவு, அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், விழுங்கும் வெள்ளிக்குச் சொன்னது. விழுங்கியதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். ரத்தத்தில் ஏற்றினால் முழுவதும் உள்ளே. வெள்ளி கலந்த பழைய ஊசிமருந்துகளில், மொத்தம் ஒரு கிராம் அளவு வெள்ளி சேர்ந்ததற்கே தோல் நீலச்சாம்பல் நிறமான நோயாளிகள் உண்டு. வெள்ளியை நிறுத்தினாலும் அந்த நிறம் போவதில்லை.

மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் மருந்தாகக் கூழ்ம வெள்ளி பாதுகாப்பானதோ பயனுள்ளதோ அல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அங்கே 'துணை உணவு' என்று லேபிள் ஒட்டினால் மருந்துக்கான சோதனை எதுவும் இல்லாமலே விற்கலாம். இந்த ஓட்டையை இத்தனை வருடமாக அடைக்காமல் வைத்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அப்படியென்றால் வெள்ளியே கூடாதா என்றால், அப்படி இல்லை. தீக்காயத்துக்கு வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பும், சில புண்களுக்கு வெள்ளி கலந்த கட்டுத்துணியும் உண்மையான மருத்துவம்தான். அவை தோலுக்கு மேலே, மருத்துவர் பார்த்துப் போடுபவை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் களிம்பு ஆகாது. பெரிய காயத்தில் நெடுநாள் பூசினால் அங்கிருந்தும் வெள்ளி ரத்தத்தில் ஏறும். மருத்துவர்கள் போடுகிறார்கள் என்று உங்கள் நண்பர் உதாரணம் காட்டினால், அது இந்தக் களிம்பும் கட்டுத்துணியும்தான், ஊசி இல்லை என்று சொல்லுங்கள்.

அப்பாவின் சர்க்கரை அளவையும் காலின் ரத்த ஓட்டத்தையும் உடனே சோதியுங்கள். கால் புண் ஆறாததற்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். ஒருவேளை ஏற்கெனவே ஏற்றியிருந்து குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், கறுத்த சிறுநீர் வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.