ஏற்காட்டுத் தோட்டத்தில் ஹெலிகாப்டர் சுமை தூக்க வருகிறதா? முதலில் கம்பிகளைக் காட்டுங்கள்

நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு மேலே பாதையில்லாத கரட்டில் டவர் போடப்போகிறார்கள். இரும்புத் துண்டுகளை எங்கள் காப்பிக் களத்தில் வைத்துக் கட்டி, ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுத் தூக்கிப் போவார்களாம். சுமை மாட்ட நம் ஆட்களில் நாலு பேர் வேண்டும் என்கிறார்கள். அனுப்பலாமா, எதைக் கவனிக்க வேண்டும்?"

அனுப்பலாம். ஆனால் உங்களால் மட்டுமே செய்ய முடிந்த ஒரு வேலை இருக்கிறது, அது முடியாமல் ஒரு ஆளைக்கூட களத்துக்கு விடாதீர்கள். தோட்டத்துக்குள் ஓடுகிற கம்பிகளை எல்லாம் பைலட்டுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

தாழப் பறந்து வேலை செய்கிற ஹெலிகாப்டருக்குக் கம்பிதான் எமன். வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் பூத்த அலுமினியம், பின்னால் காடு, மேலேயிருந்து பார்த்தால் கம்பியும் தெரியாது, எவ்வளவு தூரம் என்பதும் பிடிபடாது. அதனால் பைலட்டுகள் கம்பியைத் தேடமாட்டார்கள், கம்பத்தைத் தேடுவார்கள். உங்கள் ஊரில் அதுவும் சிரமம், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசைக்குள் கம்பம் எது மரம் எது என்று மேலேயிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. பெரிய டவர் லைன் என்றால் வேறு ஆபத்து. தடித்த கம்பிகளைப் பார்த்து, அதைத் தாண்ட மேலே ஏறும்போது, உச்சியில் ஓடும் மெல்லிய எர்த் கம்பியில் போய் இடிப்பார்கள். டவருக்கு நேர் மேலே கடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான். கம்பியை வெட்டும் கத்தி முன்பக்கம் பொருத்திய ஹெலிகாப்டர்கள் உண்டு. ஆனால் நல்ல வேகத்தில் போனால்தான் அது வெட்டும், சுமையோடு ஊர்ந்து வரும்போது அதை நம்ப முடியாது.

ஆகவே முந்தின நாளே லைன்மேனைக் கூட்டிக்கொண்டு நடந்து, ஒரு தாளில் எல்லாவற்றையும் வரையுங்கள். மோட்டார் கொட்டகைக்குப் போகிற லைன், தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போகிற சர்வீஸ் கம்பி, ஸ்டே கம்பி, கேபிள் டிவி வயர், எப்போதோ கரண்ட் துண்டித்து அப்படியே விட்டுப்போன பழைய கம்பி, ஒன்றையும் விடாதீர்கள். செத்த கம்பியும் ரோட்டாரை, அதாவது மேலே சுழலும் இறக்கையை, சுற்றத்தான் செய்யும். பைலட் வந்ததும் தாளைக் கையில் கொடுத்து, சுமையில்லாமல் உயரத்தில் ஒரு சுற்று வந்து பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பைலட் அவராகவே கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அடுத்தது, சுமை மாட்ட ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் ஹூக்கைத் தொடுகிற ஆள். ரோட்டார் காற்றிலும் தூசியிலும் உரச உரச ஹெலிகாப்டரின் உடம்பில் மின்சாரம் சேரும், பல ஆயிரம் வோல்ட்கூட வரும். முதலில் கை வைப்பவர் வழியாக அது பூமிக்கு இறங்கும். நான் மெயின்டனன்ஸில் இருந்த காலத்தில் ஒரு பையன் தொங்கி வந்த ஹூக்கை வெறுங்கையால் எட்டிப் பிடித்தான். பட்டென்று ஒரு சத்தம், பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் அவன் விழுந்த இடத்துக்கு இரண்டடி பின்னால் சரிவு. அந்த இரண்டடியை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். ஹூக்கைத் தரையில் தொடவிட வேண்டும், இல்லையென்றால் எர்த் செய்த கோலால் முதலில் தொட வேண்டும், அப்புறம்தான் கை. சுமையைத் திருப்பப் பிடிக்கும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றவே கூடாது.

மாட்டியதும் சுமைக்கு அடியில் நிற்காமல், அது போகப்போகிற வழியிலும் நிற்காமல் விலகிவிட வேண்டும். நல்ல உயரத்தில் வேகமாகப் போகும்போது எஞ்சின் நின்றால், கீழிருந்து ஏறும் காற்றே ரோட்டாரைச் சுழலவைத்து இறக்கிவிடும். 30 மீட்டரில் அசையாமல் நிற்கிற ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டருக்கு அந்த அவகாசம் கிடையாது. பைலட் உடனே சுமையைக் கழற்றிவிடுவார், கழற்றியே ஆக வேண்டும்.

எடை விஷயத்தில் சேலத்துக் கணக்கை ஏற்காட்டில் போடக்கூடாது. எச்125 ஹெலிகாப்டரின் ஹூக்கில் அதிகபட்சம் 1,400 கிலோ என்றிருக்கும், உங்கள் களத்தில் அவ்வளவும் எழும்பும் என்று நினைக்காதீர்கள். ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. காற்று மெலிய மெலிய ஹெலிகாப்டர் தூக்கும் எடை குறையும். அந்த உயரத்துக்கு இயல்பு என்று விமானக் கணக்கில் வைத்திருக்கும் வெப்பம் 5 டிகிரி. மதியம் 25 டிகிரி இருந்தால், கூடுதலான 20 டிகிரிக்கு, டிகிரிக்கு 120 அடி வீதம் 2,400 அடி கூடி, 7,400 அடியில் இருக்கும் காற்றைப்போல மெலிந்துவிடும். அதனால் மூடுபனி விலகியதும் தொடங்கி, கனமான துண்டுகளை வெயில் ஏறுவதற்குள் முடிக்கச் சொல்லுங்கள்.

களத்தில் தார்ப்பாய், சாக்கு, தகரம் எதுவும் கிடக்கக் கூடாது. தோளில் துண்டு, தலையில் கட்டிய துணி வேண்டாம், ஹெல்மெட் போட்டுத் தாடைப் பட்டியை மாட்டச் சொல்லுங்கள். இறங்கி நிற்கும்போது பைலட் தலையசைத்த பிறகு, அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாகப் போக வேண்டும். சரிவில் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கிப் போகவே கூடாது, அந்தப் பக்கம் ரோட்டார் தலைக்கு நேராக இருக்கும். வால் பக்கம் யாருக்கும் வேலையில்லை.

பராமரிப்பை நீங்கள் சோதிக்க முடியாது, ஆனால் கேட்கலாம். முதல் கேள்வி, லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் களத்துக்கு வருகிறாரா? சுமை தூக்கும் வேலையில் பறந்த மணி நேரம் மட்டும் கணக்கில்லை, ஒவ்வொரு தூக்கலும் கியர்பாக்ஸையும் ரோட்டாரையும் முறுக்குகிறது, அதனால் எத்தனை தூக்கல் என்று எண்ணி எழுதுகிற ஆள் வேண்டும். முதல் சுமைக்கு முன்னால் ஹூக்கை பட்டன் வழியாகவும், கையால் இழுக்கும் லீவர் வழியாகவும் இரண்டு முறை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று வேலை செய்யவில்லை என்றாலும் அன்றைக்கு வேலை கிடையாது. சுமையை இறக்கிவிட்டு வெறும் கயிற்றோடு வேகமாகத் திரும்பினால், கயிறு காற்றில் எழும்பி வால் ரோட்டாரில் மாட்டும், அதனால் நுனியில் எடை தொங்குகிறதா என்றும் பாருங்கள்.

எரிபொருளை டிரம்மில் கொண்டுவந்தால் நேராக நிறுத்தாமல், மூடிமேல் மழைநீர் தேங்காதபடி சாய்த்து வைக்க இடம் கொடுங்கள். ஊற்றுவதற்கு முன்னால் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள், நீங்களும் எட்டிப் பாருங்கள். கலங்கலாக இருந்தாலோ, அடியில் நீர்க்குமிழி உருண்டாலோ, அந்த டிரம்மை ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள்.