கர்னல் ஹேக்வொர்த்: மார்பு நிறையப் பதக்கம், தீராத சர்ச்சை. கேள்வி பதில்

அமெரிக்கக் காலாட்படை அதிகாரி டேவிட் ஹேக்வொர்த் (1930–2005) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கொரியா, வியட்நாம் போர்களைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். மதிப்பையும் சங்கடத்தையும் இந்த அளவுக்கு ஒருசேரக் கொடுத்த அதிகாரி எனக்கு வேறு யாரும் இல்லை.

கேள்வி: பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன் சார். யார் இவர்?

கலிபோர்னியாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோரை இழந்தார். பாட்டிதான் வளர்த்தார். ராணுவ முகாமில் சிப்பாய்களின் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுச் சில்லறை சம்பாதித்த பையன். 14 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லி வணிகக் கப்பலில் ஏறினார். அடுத்து அதே பொய்யைச் சொல்லி ராணுவத்தில் சேர்ந்தார். முதல் பணி இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில். பிறகு கொரியா, அதன்பின் வியட்நாம். கடைநிலைச் சிப்பாயாக நுழைந்தவர் கர்னலாக 1971-ல் வெளியே வந்தார். அப்படி வெளியே வந்த விதத்தில்தான் பாதிச் சர்ச்சை இருக்கிறது.

கேள்வி: ராணுவக் கல்லூரி வாசலையே மிதிக்காமல் எப்படி அதிகாரி ஆனார்?

போர்முனையிலேயே அதிகாரிப் பதவி கொடுக்கும் வழக்கம் அப்போது அங்கே இருந்தது. சண்டையில் லெப்டினென்ட்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். மேலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. பிளட்டூனை (சில பத்துப் பேர் கொண்ட சிறு படைப்பிரிவு) நடத்திக் காட்டிய சார்ஜென்ட்டின் தோளில் அங்கேயே பட்டையைக் குத்திவிடுவார்கள். ஹேக்வொர்த்துக்கு அது 1951-ல் கொரியாவில் நடந்தது. 27-வது காலாட்படை ரெஜிமென்ட்டில், ‘வுல்ஃப்ஹவுண்ட்ஸ்’ என்று பெயர் பெற்ற படை அது, இரவில் எதிரி எல்லைக்குள் புகுந்து தாக்கும் ‘ரெய்டர்ஸ்’ என்ற சிறு குழுவை அவரிடம் ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு இருபது வயது.

சிப்பாய் வரிசையிலிருந்து வந்தவர் என்பது கடைசிவரை அவரிடம் தெரியும். எந்த உத்தரவையும் பதுங்குகுழியில் இருப்பவனின் கண்ணால்தான் பார்ப்பார்.

கேள்வி: மொத்தம் எத்தனை பதக்கம்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் சொல்கிறார்களே?

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் 2, சில்வர் ஸ்டார் 10, பிரான்ஸ் ஸ்டார் (வெண்கல நட்சத்திரம்) 8, பர்ப்பிள் ஹார்ட் 8, ஏர் மெடல் 34. இவற்றை ஒரே தட்டில் வைத்து எண்ணக் கூடாது.

அமெரிக்க ராணுவத்தில் வீரத்துக்கான உச்ச விருது மெடல் ஆஃப் ஆனர். அதற்கு அடுத்த படி டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ். மூன்றாவது சில்வர் ஸ்டார். இந்த இரண்டாம், மூன்றாம் படிகளில் மட்டும் அவருக்குப் பன்னிரண்டு. ஒருவருக்கு ஒன்று கிடைத்தாலே பேரப்பிள்ளைகள் வரை பேசுவார்கள். பர்ப்பிள் ஹார்ட் எதிரியால் காயம்பட்டால் கொடுப்பது. அதில் எட்டு என்பதை எழுதும்போதே கை தயங்குகிறது.

பிரான்ஸ் ஸ்டாரில் கவனம் வேண்டும். வீரத்துக்கும் கொடுப்பார்கள், நல்ல சேவைக்கும் கொடுப்பார்கள். வீரத்துக்கு என்றால் நாடாவில் ‘வி’ என்ற சிறு எழுத்து இருக்கும். இந்த எழுத்து பின்னால் ஒரு பெரிய துயரத்தோடு சம்பந்தப்படுகிறது, சொல்கிறேன். ஏர் மெடல் வியட்நாமில் பெரும்பாலும் ஹெலிகாப்டரில் பறந்த மணிக்கணக்கை வைத்தே வழங்கப்பட்டது. அதனால் அந்த 34-ஐப் பார்த்து மலைக்க வேண்டாம்.

வியட்நாமில் பதக்கங்களை, குறிப்பாக மேல்மட்ட அதிகாரிகளுக்கு, அள்ளி வழங்கினார்கள் என்பதும் உண்மை. இதைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் ஹேக்வொர்த்தே ஒருவர்.

கேள்வி: அந்த இரண்டு பெரிய விருதுகள் எதற்காக?

இரண்டும் வியட்நாமில். முதலாவது 1966 பிப்ரவரியில், 101-வது ஏர்போர்ன் டிவிஷனில் (டிவிஷன் என்றால் பல ஆயிரம் பேர் கொண்ட பெரும்படை) மேஜராக இருந்தபோது. இரண்டாவது 1969 மார்ச்சில், தெற்கு வியட்நாமின் மீகாங் டெல்டாவில் பட்டாலியன் (பல நூறு பேர் கொண்ட படை) கமாண்டராக இருந்தபோது.

அந்த மார்ச் மாதச் சண்டைகளில் ஒன்றை அவருடைய ஆட்கள் மறக்கவே இல்லை. அவருடைய பட்டாலியனின் ஒரு பிரிவான கம்பெனி ஒன்றின் முன்னணி வீரர்கள் எதிரியின் துப்பாக்கிச் சூட்டில் திறந்த வெளியில் மாட்டிக்கொண்டார்கள். முன்னே போகவும் வழியில்லை, பின்னே வரவும் வழியில்லை. பட்டாலியன் கமாண்டரின் வேலை மேலே வட்டமடித்து ரேடியோவில் உத்தரவு கொடுப்பது. ஹேக்வொர்த் தன் ஹெலிகாப்டரையே குண்டுமழைக்கு நடுவில் இறக்கச் சொன்னார். வெளியே வந்து ஹெலிகாப்டரின் கால் போன்ற சறுக்குக்கட்டை மேல் நின்றுகொண்டு, மாட்டியிருந்தவர்களை உள்ளே இழுத்துப் போட்டார். இதற்காக மெடல் ஆஃப் ஆனர் தரவேண்டும் என்று கூட இருந்தவர்கள் பல வருடம் போராடினார்கள். கிடைக்கவில்லை.

கேள்வி: ‘ஹார்ட்கோர் பட்டாலியன்’ கதை உண்மையா, மிகைப்படுத்தலா?

அடிப்படை உண்மை. 39-வது காலாட்படையின் 4-வது பட்டாலியன் 1969 தொடக்கத்தில் நொந்துபோன நிலையில் இருந்தது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுக்கப்பட்ட இளைஞர்கள். எதிரியைக் கண்ணால் காணாமலே கண்ணிவெடியிலும் கண்ணிப்பொறியிலும் காலை இழந்துகொண்டிருந்தார்கள்.

ஹேக்வொர்த் வந்ததும் வசதிகளையெல்லாம் பிடுங்கினார். ஹெல்மெட் எப்போதும் தலையில், துப்பாக்கி எப்போதும் சுத்தமாக, தங்கும் இடமெல்லாம் குழி. சல்யூட் அடிக்கும்போது ‘ஹார்ட்கோர்’ என்று சொல்லியே தீரவேண்டும். ஆரம்பத்தில் சொந்தச் சிப்பாய்களே அவர் தலைக்கு விலை வைத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு சண்டை முறையை மாற்றினார். கொரில்லாவோடு கொரில்லாவாகவே மோது என்பதுதான் கொள்கை. பழகிய பாதையில் போகாதே, இரவில் நகரு, சிறு குழுக்களாகப் பிரிந்து சதுரங்கக் கட்டங்கள் போல நிலத்தை நிரப்பு, பதுங்கி இருந்து அடி. கண்ணிவெடியில் போகும் உயிர்கள் குறைந்தன. தலைக்கு விலை வைத்தவர்கள் முதியவர்களான பிறகும் அவரைக் கொண்டாடினார்கள். எந்தப் பதக்கத்தையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கேள்வி: அதே டெல்டாவில்தானே ‘ஸ்பீடி எக்ஸ்பிரஸ்’ நடவடிக்கையும் நடந்தது? அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்லத்தான் வேண்டும். 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை 9-வது டிவிஷன் நடத்திய நடவடிக்கை அது. ஹேக்வொர்த்தின் பட்டாலியன் அந்த டிவிஷனில்தான் இருந்தது. ராணுவத்தின் கணக்குப்படி கொல்லப்பட்ட எதிரிகள் 10,899 பேர். கைப்பற்றிய ஆயுதங்கள் 748. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பதினான்கு பதினைந்து பேருக்கு ஓர் ஆயுதம் என்றால் மற்றவர்கள் யார்? 1972-ல் நியூஸ்வீக் இதழ் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. கொல்லப்பட்டவர்களில் ஐயாயிரம் பேர் வரை பொதுமக்களாக இருக்கலாம் என்ற ஓர் அதிகாரியின் மதிப்பீட்டையும் வெளியிட்டது.

டிவிஷன் கமாண்டர் ஜூலியன் யூவெல் பிணக்கணக்கையே வெற்றியின் அளவுகோலாக வைத்திருந்தார். ஹேக்வொர்த் அவரைப் பின்னாளில் திட்டித் தீர்த்திருக்கிறார். ஆனால் தன் பட்டாலியன் கொன்ற எதிரிகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் பெருமைதான் கேட்கிறது. பிணக்கணக்கு பொய் என்றால் தன்னுடையதையும் சேர்த்துத்தானே சந்தேகித்திருக்க வேண்டும்? அவர் எழுத்தில் என்னை விடாமல் உறுத்துவது இது.

கேள்வி: ‘டைகர் ஃபோர்ஸ்’ செய்த கொலைகளுக்கு இவர்தான் பொறுப்பா?

1965 இறுதியில் அந்த உளவுத் தாக்குதல் குழுவை உருவாக்கியவர் அவர். அது பொதுமக்களைக் கொன்றதாக வெளிவந்த சம்பவங்கள் 1967-ஐச் சேர்ந்தவை. அப்போது குழு அவர் கையில் இல்லை. ராணுவம் விசாரித்துவிட்டு யார் மேலும் வழக்குப் போடாமல் மூடிவைத்ததை ஒஹையோவின் டொலீடோ பிளேட் நாளிதழ் 2003-ல் வெளியே கொண்டுவந்து, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. கொலைகளை அவர் தலையில் கட்டுவது சரியில்லை.

கேள்வி: 1971 பேட்டியில் அப்படி என்னதான் சொன்னார்?

ஜூன் மாதம், ஏ.பி.சி. தொலைக்காட்சி. பணியில் இருக்கும் கர்னல், சீருடையோடு. இது மோசமான போர், ஜெயிக்க முடியாது, வெளியேறியாக வேண்டும் என்றார். தளபதிகளுக்கு இந்தப் போரின் தன்மையே புரியவில்லை, சிப்பாய்களுக்குப் பயிற்சி போதவில்லை என்றார். நான்கு வருடத்தில் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் வட வியட்நாம் கொடி பறக்கும் என்றும் சொன்னார். 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வீழ்ந்தது.

ஜெனரல் ஆவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த நாற்பது வயது மனிதர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நட்சத்திரம் தானாகத் தோளுக்கு வந்திருக்கும். குண்டுக்கு முன் நிற்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். சொந்த வீடு போன்ற அமைப்பை எதிர்த்து முகம் காட்டிப் பேசுவதற்கு வேறொரு துணிச்சல் வேண்டும். இரண்டாவதுதான் அரிது என்பது என் கருத்து.

கேள்வி: அவர் விபசார விடுதி நடத்தினார் என்பது அரசாங்கம் கட்டிய கதைதானே அண்ணா?

இல்லை தம்பி. நடத்தியதை அவரே தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் பரவாமல் கட்டுப்படுத்தவே அப்படிச் செய்தேன் என்பது அவர் சொன்ன காரணம். அங்கிருந்த பெண்களின் நிலையைப் பற்றி அந்தக் காரணம் ஒன்றுமே சொல்லவில்லை. அதனால் எனக்கு அது ஏற்புடையது அல்ல. சூதாட்டம், பணப் பரிமாற்ற முறைகேடு ஆகிய குற்றச்சாட்டுகளும் இருந்தன.

பேட்டிக்குப் பிறகுதான் ராணுவம் இவற்றையெல்லாம் தீவிரமாகத் தோண்டியது. ஆகவே பழிவாங்கல் என்று சொல்ல இடமுண்டு. பழிவாங்கும் நோக்கம் இருந்ததால் குற்றச்சாட்டு பொய்யாகிவிடாது. ராணுவத்துறைச் செயலர் ராபர்ட் ஃப்ரோல்கி, அவருடைய போர்ச் சாதனைகளைக் கருத்தில் கொண்டு, ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஓய்வுபெற விட்டார். ஒரு சாதாரண சார்ஜென்ட் இதைச் செய்திருந்தால் அந்தச் சலுகை கிடைத்திருக்குமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அப்புறம் எங்கே போனார்?

ஆஸ்திரேலியா. உணவகம், வாத்துப் பண்ணை, அணு ஆயுத எதிர்ப்பு இயக்கம். 1989-ல் தன்வரலாறு வந்து நன்றாக விற்றது. அமெரிக்கா திரும்பி நியூஸ்வீக்கில் ராணுவ விவகாரங்களை எழுதினார்.

கேள்வி: அட்மிரல் பூர்டாவின் மரணத்துக்கு இவர்தான் காரணம் என்கிறார்களே?

ஜெரமி பூர்டா அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி. கடைநிலை மாலுமியாகச் சேர்ந்து அந்த இடத்தை அடைந்த முதல் மனிதர். முன்னே சொன்ன ‘வி’ எழுத்தை அவர் தகுதியில்லாமல் இரண்டு பதக்கங்களில் அணிந்தார் என்று ஹேக்வொர்த்தும் நியூஸ்வீக்கும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 1996 மே 16 அன்று நிருபர்கள் அவரைச் சந்திக்க இருந்த நேரத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டார். ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே அந்த எழுத்துகளை அணிவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

ஒரு மரணத்துக்கு ஒருவரைக் காரணமாக்கிவிட முடியாது. ஆனால் அடுத்த வருடமே ஹேக்வொர்த் தனக்கு உரிமையில்லாத ரேஞ்சர் பட்டையையும் (சிறப்புப் பயிற்சியை முடித்தவர்கள் சீருடையில் அணிவது), ஒரு பறத்தல் விருதைக் கூடுதலாகவும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று சி.பி.எஸ். செய்தி வெளியிட்டது. பதிவேட்டுக் குழப்பம் என்று விளக்கம் வந்தது, அவரும் திருத்திக்கொண்டார். இருக்கலாம். அந்த விளக்கத்துக்கான இடத்தை பூர்டாவுக்கும் அவர் விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கடைசிக் காலத்தில் ஈராக் போர் பற்றி எழுதினாரா?

விடாமல் எழுதினார். ஈராக்கின் அபு கிராய்ப் சிறையில் அமெரிக்கச் சிப்பாய்கள் கைதிகளைச் சித்திரவதை செய்தது வெளிவந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்ட ஒரு சிப்பாயின் உறவினர் உதவி கேட்டு 2004 மார்ச்சில் அவருடைய இணையதளத்துக்குத்தான் மின்னஞ்சல் அனுப்பினார். அந்தத் தொடர்பு வழியாக விஷயம் தொலைக்காட்சிக்குப் போய், ஏப்ரல் இறுதியில் உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. அதே வருடம், போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் போகும் இரங்கல் கடிதங்களில் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டின் கையெழுத்தை இயந்திரம் போடுகிறது என்று எழுதினார். இனி நானே கையெழுத்திடுகிறேன் என்று ரம்ஸ்ஃபெல்ட் அறிவிக்க நேர்ந்தது.

2005 மே மாதம், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற மெக்சிகோ போயிருந்தபோது இறந்தார்.

கேள்வி: அவரைப் பற்றிப் படிக்க எங்கே தொடங்குவது?

தன்வரலாற்றை முதலில் எடுக்காதீர்கள். எழுத்தில் அவ்வளவு வேகம், அவர் பக்கமே இழுத்துக்கொண்டு போய்விடும். முதலில் அவருடைய இரண்டு பெரிய விருதுகளின் சான்றுரைகளை (விருது எதற்காக என்று சொல்லும் குறிப்புகள்) படியுங்கள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம்கூட வராது. அடுத்து 1971 பேட்டி, ஸ்பீடி எக்ஸ்பிரஸ் பற்றிய கட்டுரைகள். அதற்கப்புறம் தன்வரலாற்றைத் திறந்து, டெல்டா அத்தியாயங்களில் ஒவ்வொரு சண்டைக்கும் எத்தனை ஆயுதம் கிடைத்தது என்று அவர் சொல்கிறாரா, சொல்லாமல் விடுகிறாரா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.