தானாகக் கோத்துக்கொள்ளும் பெப்டைடு தடுப்பூசி: தனித் துண்டு ஏன் போதாது?

பெங்களூரில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் தங்கை ஒருவர், கிருமிப் புரதத்தின் சிறு துண்டை மட்டும் ஊசியாகப் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறார்.

போதாது. தனிப் பெப்டைடு, அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சிறு துண்டு, உடலில் விரைவில் சிதைந்துவிடும். நோயெதிர்ப்புச் செல்களின் கவனத்திலும் எளிதில் படாது. மல்லேஸ்வரம் சந்தையில் உதிரி மல்லிகையையும் நெருக்கித் தொடுத்த சரத்தையும் பார்த்திருப்பீர்கள். நமக்கு வேண்டியது சரம்.

இங்கே நாராக இருப்பது க்யூ11 போன்ற பெப்டைடு. 11 அமினோ அமிலங்கள்தான். நடுவில் நீரை வெறுக்கும் ஃபினைல்அலனினும் நீரை விரும்பும் அமிலங்களும் மாறி மாறி வரும். உப்புக் கரைசல் பட்டதும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து, பீட்டா தகடுகள் எனப்படும் தட்டை அமைப்புகளாக அடுக்கி இழையாகிவிடும். செறிவு போதுமானால் குப்பியைக் கவிழ்த்தாலும் வழியாத கூழாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புத்தான்!

அதன் முனையில் சிறிய இணைப்புத் துண்டு வைத்துக் கிருமித் துண்டைச் சேர்த்தால், இழையின் மேற்பரப்பெங்கும் அது வரிசையாக நிற்கும். எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல் ஒன்றின் பல ஏற்பிகள் அவற்றை ஒருசேரப் பற்றிக்கொள்ளும். முட்டைப் புரதத் துண்டை இப்படி இணைத்தபோது, துணைமருந்து (நோயெதிர்ப்பைக் கூட்டச் சேர்க்கும் பொருள்) இல்லாமலே எலிகளில் வலுவான எதிர்ப்பொருள் உருவானதை 2010இல் காட்டினார்கள்.

பி செல்லுக்குக் கைகொடுக்கும் நோயெதிர்ப்புச் செல்லான டி செல்லைத் தூண்டும் பகுதியையும் துண்டில் சேர்க்க மறக்காதீர்கள். பலரும் சறுக்குவது அங்கேதான். சேர்த்த துண்டு இழை உருவாவதைக் கெடுக்கிறதா என்பதை, எலிக்குப் போடும் முன் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள்.