ராகி பிஸ்கட், ஓட்ஸ் பிஸ்கட் எல்லாம் வீட்டுப் பலகாரத்துக்கு ஈடாகுமா?

பாக்கெட்டில் வருவதை எல்லாம் நிறுத்த வேண்டுமா, ராகி பிஸ்கட் போன்றவை மட்டும் பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈடாகாது. எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது இது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சாயங்காலம் டீயோடு எதையாவது கடித்தாக வேண்டும் அவருக்கு. சரி, ராகிதானே என்று மாதக்கணக்கில் ராகி பிஸ்கட் வாங்கி வந்தேன். ஒருநாள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் முதலில் 'ரீஃபைன்ட் வீட் ஃப்ளோர்', அதாவது மைதா. அடுத்து சர்க்கரை, பாமாயில். நான்காவதாகத்தான் ராகி, 9 சதவீதம். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் முழுக்க ராகிக் கதிர் படம்! இத்தனை நாளும் என் கையாலேயே மைதாவையும் சர்க்கரையையும் கொடுத்திருக்கிறேனே என்று வயிறு எரிந்தது.

அதற்காகப் பதப்படுத்தியது என்றாலே ஒதுக்கிவிடாதீர்கள். புழுங்கல் அரிசியும் பதப்படுத்தியதுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் அது தங்கும். பச்சரிசியைத் தீட்டினால் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் பாலைத் தயிராக உறையவைப்பதும்கூடப் பதப்படுத்துவதுதான்.

பயப்பட வேண்டியது ஆலையில் அரைத்து, இனிப்பும் எண்ணெயும் மணமும் ஏற்றி வருவதை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, 2 வாரம் இந்த வகை உணவும் 2 வாரம் இப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடையும் ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இது உடனே புரிந்தது. பிஸ்கட் டீயில் நனைத்தால் கரைந்து இறங்கிவிடும், நான்கு போனதே தெரியாது. சுண்டலை மென்றுதான் ஆக வேண்டும்.

இப்போது அப்பாவுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல்தான். முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேங்காய்த் துருவலும் பொடியாக நறுக்கிய மாங்காயும் சேர்த்த பிறகு அவரே கேட்டு வாங்குகிறார். இரவில் ஊறப்போட மறந்துவிட்டால் அன்றைக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி.