வாலிபர்கள் ஏன் சபையைவிட்டு விலகுகிறார்கள்? – கேள்வி பதில்

இருபது வருஷமாக வாலிபர் வேதபாட வகுப்பு எடுக்கிறேன். விசுவாசம், சந்தேகம், அதையொட்டி வீட்டில் நடக்கும் சண்டை, எதைப் பற்றியும் கேளுங்கள் என்றிருந்தேன்.

கேள்வி: இன்றைய பிள்ளைகள் நம்மைப் பற்றி உண்மையில் என்னதான் நினைக்கிறார்கள்?

அமெரிக்காவில் பார்னா என்ற கிறிஸ்தவ ஆய்வு நிறுவனம் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சபைக்கு வெளியே இருக்கும் 16 முதல் 29 வயதுக்காரர்களில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள் பிறரை நியாயந்தீர்க்கிறவர்கள் என்றார்கள். 85 சதவீதம் பேர் மாய்மாலக்காரர்கள் என்றார்கள். அது ஒரு நாட்டின் கணக்கு. ஆனால் அந்த இரண்டு குற்றச்சாட்டையும் என் வகுப்பிலேயே கேட்டிருக்கிறேன். மத்தேயு 7-ஐயும் 23-ஐயும் வாசியுங்கள். இயேசு கடிந்துகொண்டதும் இந்த இரண்டையும்தான். பிள்ளைகள் அவருடைய அளவுகோலை எடுத்து நம்மை அளக்கிறார்கள். பலர் அவரை வெறுக்கவே இல்லை.

கேள்வி: பையன் கல்லூரிக்குப் போனதிலிருந்து ஆராதனைக்கு வருவதில்லை. எந்த வசனத்தைக் காட்டினால் மனம் மாறுவான்?

வசனம் இருக்கட்டும். அவன் கடைசியாக உங்களிடம் கேட்ட கேள்வி என்ன, ஞாபகம் இருக்கிறதா?

என் வகுப்பில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கேள்விகளை நோட்டில் எழுதி, வரிசை எண் போட்டுக் கொண்டுவருவாள். பழைய ஏற்பாட்டில் கானான் நாட்டு மக்களைக் குழந்தைகளோடு அழிக்கும்படி கடவுள் ஏன் சொன்னார் என்று ஒருநாள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், “ஜெபம் பண்ணும்மா, புரியும்” என்றேன். பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்தாள். அதன் பிறகு ஆறு மாதம் வந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறகு வரவில்லை. அவள் விலகியது அந்த ஆறாவது மாதத்தில் அல்ல, பேனாவை மூடிய அன்றே என்று நினைக்கிறேன்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: பதில் சொல்வதற்கு முன் அவன் கேள்வியை அவன் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லுங்கள். “ஆமாம், அதைத்தான் கேட்டேன்” என்று அவன் சொன்ன பிறகு வாயைத் திறங்கள்.

கேள்வி: மகள் அறிவியல் படிக்கிறாள். அறிவியலுக்குச் சபை எதிரி என்கிறாள்.

பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான லெமேத்ர் கத்தோலிக்கக் குரு. மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் துறவி. இதைச் சொல்லுங்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவை 1633-ல் சபை தண்டித்ததையும், அது தவறு என்று போப் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 ஆனதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியை விழுங்கினால், மீதியைக் கைபேசியில் அவளே தேடிக்கொள்வாள். பிறகு உங்களிடம் கேட்க மாட்டாள்.

கேள்வி: புது இசைக்குழு, வண்ண விளக்கு வைத்தால் வாலிபர்கள் தங்குவார்களா?

இசை தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மகன் வர மறுக்கிறான். நல்ல வசனம் ஒன்று சொல்லுங்களேன்.

மேலே எழுதியிருக்கிறேன். கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் கடவுளே இல்லை என்கிறாள். இரண்டு வாரமாக அவளுக்குச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை.

முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இன்றே.

கேள்வி: நான் ஒரு மூப்பர். வாலிபர் முன்னால் ஊழியரின் தவறைப் பேசினால் சபையின் பெயர்தான் கெடும். “அன்போ சகல பாவங்களையும் மூடும்” என்று நீதிமொழிகள் 10:12 சொல்கிறதே?

ஐயா, எனக்குச் செய்த தீங்கை நான் மன்னித்து மூடலாம். இன்னொருவர் பிள்ளைக்குச் செய்த தீங்கை நம் பெயருக்காக மூடும் உரிமை நமக்கு யார் கொடுத்தது? அதே புத்தகத்தில் 28:13 இருக்கிறது: “தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான்.” 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டத்துச் செய்தி உலகையே உலுக்கியது. குருக்கள் சிறுவர்களுக்குச் செய்த பாலியல் குற்றம் ஒரு பக்கம். தெரிந்தும் அவர்களை வேறு பங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தது இன்னொரு பக்கம். பெயரைக் காக்கத்தான் அப்படிச் செய்தார்கள்.

மூப்பர் மறுபடியும்: மத்தேயு 18:15 தனியே போய்ச் சொல் என்கிறது. ஊரறியச் சொல் என்று சொல்லவில்லை.

17-ம் வசனம் வரை வாசியுங்கள், ஐயா. கேளாமற்போனால் சபைக்குத் தெரியப்படுத்து என்று அங்கே இருக்கிறது. குற்றமாக இருந்தால் சபையோடும் நிற்காது, காவல்துறைக்குப் போக வேண்டும். வேதம் எப்படிச் செய்திருக்கிறது பாருங்கள். பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷமும் எழுதுகின்றன. இயேசுவின் வம்ச அட்டவணையில் பத்சேபாளின் பெயரை எழுதாமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று மத்தேயு எழுதுகிறார். உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதின் பாவத்தை மேசியாவின் வம்சத்திலேயே மறைக்காத புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் எதை மறைக்கிறோம்? வாலிபர்கள் இதைக் கவனிக்கிறார்கள் ஐயா.

கேள்வி: என் பையனுக்கு ஏற்ற வசனம்...

மூன்றாவது முறை. அவனை உட்காரவைத்துக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 19 வயது. நம்பிக்கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆராதனையில் எல்லோரும் கை உயர்த்தும்போது நானும் உயர்த்துகிறேன். அம்மாவிடம் சொல்லவா?

பெற்றோர்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன். நீங்கள் எழுதியதற்கு நன்றி.

கை உயர்த்த வேண்டாம். 88-ம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். துதியில் முடியாத சங்கீதம் அது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். யோவான் 20-ல், இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று சொன்ன சீஷனான தோமா, எட்டு நாள் கழித்தும் மற்ற சீஷர்களோடேயே வீட்டுக்குள் இருக்கிறான். யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை.

அம்மாவிடம், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் நேரமாகப் பார்த்து, “எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன, உடனே பதில் சொல்ல வேண்டாம்” என்று ஆரம்பியுங்கள். முதல் கேள்வியை இங்கேயும் எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்கிறேன்.