மதுரையில் இரண்டு நாள்: எந்த வேளைக்கு என்ன சாப்பிடுவது? கேள்வி பதில்

வார இறுதிக்கு மதுரை வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். முதலில் ஒன்று: மதுரையில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. கடைப்பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பாதி கிடைக்காது.

அண்ணே, நாலு பேர் சனிக்கிழமை காலைல ரயில்ல வந்து ஞாயிறு ராத்திரி கிளம்புறோம். எங்க தங்கினா நடந்தே போய்ச் சாப்பிடலாம்?

ரயில் நிலையத்துக்கு எதிரே, டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் அறை எடுங்கள். கோயிலை நடுவில் வைத்து சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாகச் சுற்றிப் போகும். ‘மேல சித்திரை’ என்றால் கோயிலுக்கு மேற்கே, மதிலை ஒட்டிய வீதி. ‘கீழ மாசி’ என்றால் கிழக்கே, இரண்டு சுற்று தள்ளி. இது மனதில் இருந்தால் வழி கேட்பது சுலபம். நிலையத்திலிருந்து மேலக் கோபுரம் வரை நடந்தே போய்விடலாம். பெயர்பெற்ற அசைவ மெஸ்கள் பல வைகைக்கு வடக்கே தல்லாகுளத்தில் இருக்கின்றன. அதற்கு ஆட்டோ வேண்டும், ஒரு மதியத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். மாசி வீதிகளுக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும்.

நட்சத்திரம் நாலரை இருக்கிற கடைக்குப் போனா வெளியூர்க்காரங்கதான் உக்காந்திருக்காங்க. உள்ளூர் ஆளுங்க சாப்பிடுற கடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மதிப்பெண்ணை விட்டுவிட்டு விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு அடுக்கிப் பாருங்கள். “அருமை, சூப்பர்” என்பதில் விஷயம் இல்லை. “ரெண்டரைக்கு மேல சுக்கா தீந்துருச்சு”, “சால்னா இன்னிக்கு தண்ணியா இருந்துச்சு” என்று குறிப்பாக எழுதுகிறவர் அடிக்கடி சாப்பிடுகிறவர். அவர் வேறு எந்தக் கடைகளைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், அதுவே உங்களுக்கு நல்ல பட்டியல்.

நேரில் போனால் பார்சல் வரிசையைக் கவனியுங்கள். தூக்குவாளியோடு நிற்கிறவர் அந்தத் தெருக்காரர். பண்டம் குறைவாக இருக்கும் கடை நல்லது. நாலைந்து வகைதான் போடுகிறார்கள், கூட்டமும் இருக்கிறது என்றால் எதுவும் நேற்றையதாக இருக்காது. இருபது பக்க மெனுவில் வட இந்தியமும் சைனீஸும் பிரியாணியும் சேர்ந்திருந்தால் நகர்ந்துவிடலாம்.

ஆட்டோக்காரரிடம் “நல்ல ஓட்டல் எது?” என்று கேட்டால் உங்களைப் பார்த்து ஏசி ஓட்டலைச் சொல்வார். “நீங்க ராத்திரி சவாரி முடிச்சு எங்கண்ணே சாப்பிடுவீங்க?” என்று கேளுங்கள். பதில் வேறாக வரும். கோயில் வாசலில் கூப்பிட்டு அழைக்கிற கடைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

மெஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு பெரிய தட்டில் பத்துப் பன்னிரண்டு கிண்ணம் கொண்டுவந்து காட்டுகிறார்களே, எல்லாம் சாப்பாட்டோடு சேர்ந்ததா?

இல்லை. வெளியூர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். சுக்கா, ஈரல், குடல், மூளை, நண்டு, கோலா உருண்டை என்று தட்டில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சோறும் குழம்புகளும் ரசமும் மோரும்தான் சாப்பாட்டுக் கணக்கு. தொட்டுக் காட்டி “இது என்ன விலை?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். அங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நாலு பேருக்கு நாலு வகை போதும், நடுவில் வைத்துப் பகிருங்கள். எல்லாக் குழம்பையும் ஒரே சோற்றில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு கைச் சோற்றுக்கு ஒரு குழம்பு: கறிக்குழம்பு, கோழி, கடைசியாக மீன். மீன் குழம்பின் புளி ஏறிய நாக்குக்குப் பிறகு கறிக்குழம்பு சப்பென்று இருக்கும். ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்களே வரிசையில் நிற்கும். பன்னிரண்டரைக்குள் உட்காருங்கள், அல்லது மெஸ்ஸைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். இரண்டரைக்கு மேல் போனால் நல்ல உறுப்புக்கறி எல்லாம் தீர்ந்திருக்கும்.

அயிரை மீன் குழம்பு ஏன் அவ்வளவு விலை? வாங்கலாமா?

அயிரை விரல் நீளம்கூட இல்லாத நன்னீர் மீன். சேற்றில் மேய்வதால் வயிற்றில் மண் இருக்கும். உயிரோடு வாங்கி, பாலிலோ உப்புத் தண்ணீரிலோ விட்டு மண்ணைக் கக்க வைத்து, கல் உப்பு போட்டு உரசிக் கழுவி, முழுசாகவே குழம்பில் போடுகிறார்கள். வரத்தும் குறைவு, வேலையும் அதிகம், அதனால்தான் விலை. ஒரு கிண்ணம் வாங்கி இரண்டு பேர் பகிர்ந்தால் போதும். முதல் வாயிலேயே நறநறவென்றால் சரியாகக் கழுவவில்லை, தயங்காமல் சொல்லித் திருப்புங்கள்.

கறி தோசைக்கு மதியம் ஒரு மணிக்குப் போனோம், மனசுக்கு ஒட்டலை. ராத்திரிதான் நல்லதா?

ஆமாம், அது ராத்திரிப் பண்டம். சிம்மக்கல் கோனார் மெஸ் அதற்குப் பெயர்பெற்ற இடம். ஊத்தப்பம் கனத்தில் மாவை ஊற்றி, மேலே முட்டையைப் பரப்பி, அதன் மேல் பொடியாகக் கொத்திய மட்டன் கறியை வைத்து, எண்ணெய் விட்டுத் திருப்பிப் போடுவார்கள். கல் மிதமான சூட்டில் நின்று வேக வேண்டும். அவசரத்தில் தீயைக் கூட்டினால் அடி கருகி நடுமாவு பிசுபிசுக்கும். ஏழரை மணிக்குள் போனால் மாஸ்டருக்கு நிதானம் இருக்கும். ஒரு தோசை இரண்டு பேருக்குச் சரி. தனியாக ஒன்று முழுசாகச் சாப்பிட்டால் அன்றைக்கு வேறு எதுவும் இறங்காது.

நாங்க சைவம். அம்மா அப்பாவோட கோயிலுக்கு வர்றோம். எங்களுக்கு என்ன?

உங்களுக்குத்தான் நடக்கிற தூரம் குறைவு, அம்மா. மதியம் பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்தி நாலு மணிக்குத் திறப்பார்கள். காலையில் டிபனுக்குப் பிறகு தரிசனம், நடை சாத்தும்போது சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. மேல சித்திரை வீதியில் கோபு அய்யங்கார் கடையில் மாலை வேளையில் வெள்ளையப்பம் கேளுங்கள். சட்னியோடு சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் எண்ணெய்தான் தெரியும். முருகன் இட்லிக் கடை மதுரையில் பிறந்ததுதான். ஆனால் சென்னையிலேயே அதைச் சாப்பிட்டவர்கள் அந்த வேளையைத் தெருவோர இட்லிக்குக் கொடுங்கள்: துணி விரித்து வேகவைத்து, கொப்பரையிலிருந்து நேராக இலைக்கு வருவது. சௌராஷ்டிரக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் முள்முருங்கை இலை அரைத்துச் செய்த பண்டம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பிள்ளைக்கு அஞ்சு வயசு, காரமே ஆகாது.

பன் பரோட்டா. பஞ்சு போல இருக்கும், சால்னா இல்லாமல் சீனி தொட்டுக் கொடுக்கலாம். கல்லிலிருந்து எடுத்ததும் இரு பக்கமும் அடித்துக் குலைக்கிறார்களா என்று பாருங்கள். அடிக்காமல் அடுக்கிவைத்த பரோட்டா பத்து நிமிடத்தில் ரப்பராகிவிடும்.

ஜிகர்தண்டா எல்லாக் கடையிலயும் ‘ஒரிஜினல்’னு போட்டிருக்கே?

விளக்குத்தூண் அருகே கீழ மாசி வீதி முனையில் இருக்கும் பழைய கடைக்குப் போங்கள். நன்றாகச் சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பால் இயல்பாகவே இளம் பழுப்பாக இருக்க வேண்டும். பளீர் வெள்ளையாக இருந்து இனிப்பு மட்டும் தூக்கலாக இருந்தால் பால் சுண்டவில்லை, சர்பத்தால் சமாளித்திருக்கிறார்கள். சாப்பாடு முடித்த கையோடு குடிக்காதீர்கள், வயிறு கல்லாகிவிடும். நாலு மணி வெயிலுக்குச் சின்னக் கிளாஸ் போதும்.

ராத்திரி பதினொன்றரைக்குப் பஸ் இறங்குவோம். ஏதாவது கிடைக்குமா?

தூங்கா நகரம் என்ற பெயர் சும்மா வரவில்லை. மாட்டுத்தாவணி, பெரியார் நிலையம் பக்கங்களில் அந்த நேரத்துக்கும் கல் சூடாக இருக்கும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றச் சொல்லி, ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். அந்த நேரத்துக்கு மீனும் நண்டும் வேண்டாம், அது மதியச் சரக்கு. வயிறு கனம் தாங்காது என்றால் பருத்திப் பால். கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, தேங்காய் சேர்த்துக் கொதிக்க வைத்தது. அடிப்பிடித்த வாடை வந்தால் வேறு வண்டி பாருங்கள்.

ஊருக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?

ரயில் நிலையம் பக்கம் பிரேமா விலாஸில் கோதுமை அல்வா. அங்கேயே சூடாக ஐம்பது கிராம் சாப்பிட்டு, கூடவே கொஞ்சம் காராசேவு கொறித்துவிட்டு, பிறகு பார்சல் சொல்லுங்கள். ஜிகர்தண்டாவைப் பாட்டிலில் ரயிலில் கொண்டுபோக முயற்சிக்காதீர்கள், பால் திரிந்துவிடும். பாதாம் பிசினை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டியை இரவு முழுவதும் ஒரு பெரிய கிண்ணத் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்திருக்கும். நடுவில் கட்டி இருந்தால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம், தண்ணீர் மாற்றி மதியம் வரை விடுங்கள்.